மல்லாந்து நீந்தும் பூச்சி

ஆறாம் வகுப்பு படித்தபோது எனக்கு ஒரு பூச்சியைப் பிடித்திருந்தது. பிடித்ததால் அதைப் பிடித்து ஒரு பாட்டிலில் போட்டும் வைத்திருந்தேன். என் வகுப்புப் பெண்களுக்கு சினிமா நடிகர்களைப் பிடித்தது. பையன்களுக்குக் கிரிக்கெட் ஆடுபவர்களைப் பிடித்தது. அவர்கள் ஒரு பெயரைச் சொன்னால் உடனே பத்துப் பேர் கூடிவிடுவார்கள். சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள். நான் எனக்குப் பிடித்ததைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தவள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அது. மரக்காணத்தில் கடலோரத்துக் குப்பங்களில் அப்போதும் அந்தப் பேச்சுதான். நாங்கள் உப்பளத்துப் பக்கம் இருந்தோம். அப்பா அங்கே உப்பு வாரும் வேலை செய்தார். விடிவதற்கு முன்பே போய்விடுவார். கோடை விடுமுறையில் காலை எட்டு மணிக்குத் தூக்குப்பாத்திரத்தில் பழைய சோறும் வெங்காயமும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அவர் கரைமேல் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அப்படி ஒன்றும் இல்லாத நேரத்தில்தான் தண்ணீரைப் பார்த்தேன்.

உப்புத் தண்ணீர் நேராக உப்பாகிவிடாது. முதலில் பெரிய குளம் போன்ற பாத்தியில் நிற்கும். அங்கே காய்ந்து கொஞ்சம் கெட்டியானதும் அடுத்த பாத்திக்குத் திறந்துவிடுவார்கள். இன்னும் கெட்டியானதும் கடைசிப் பாத்தி. அங்கேதான் உப்பு பூக்கும். இரண்டாவது பாத்தியின் தண்ணீர் லேசாகச் சிவந்து கிடக்கும். மண்ணின் நிறம் என்றுதான் நினைத்திருந்தேன். குனிந்து பார்த்தால் அந்தச் சிவப்பு நகர்ந்துகொண்டிருந்தது. சீரகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஆயிரக்கணக்கில் பூச்சிகள். மீனும் நண்டும் வாழ முடியாத அந்த உப்பில் அவை சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தன.

அதுவும் எப்படி? மல்லாந்து. வயிறு வானத்தைப் பார்த்தபடி. எனக்குத் தெரிந்த உயிர்களில் மல்லாந்து கிடப்பது ஒன்று செத்திருக்கும், இல்லை சாகப்போகும். இது மல்லாந்தே பிறந்து மல்லாந்தே வாழ்ந்தது. இமைமுடி மாதிரி நிறைய கால்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாக அசையும்போது காற்று வீசிய நெல்வயல்போல் இருக்கும். சில பூச்சிகள் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டே போகும். பாட்டிலைத் துணியால் மூடி ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் விட்டால் எல்லாம் அந்த மூலைக்கு வந்து கூடும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மாதம் முழுக்கப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு உப்பிவிடும்போல் இருந்தது.

அம்மாவிடம் போனேன். அவள் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். "தண்ணி புடிக்கிற பாட்டில்ல பூச்சிய போட்டு வெச்சிருக்கியே, அறிவிருக்குதா உனக்கு?" என்றாள். இப்படி மூன்று முறை நடந்தது. அந்த முருங்கை பிழைத்ததே ஆச்சரியம். நான்காவது முறை பாட்டிலில் ஒரு காகிதத்தை ஒட்டி, 'பள்ளிக்கூட வேலை, கொட்டாதே' என்று எழுதிவைத்தேன். பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்கு அம்மா கட்டுப்பட்டாள். அதன்பிறகு பாட்டிலைத் தொடாமல் சுற்றிப் பெருக்கினாள்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். கொசுப்புழு என்று ஒருத்தி சொன்னாள். இல்லை என்று விளக்குவதற்குள் போய்விட்டாள். அப்பாவோடு வேலை செய்த அக்காக்களிடம் காட்டினேன். அவர்கள் தினமும் அந்தத் தண்ணீரில் முழங்கால்வரை நிற்பவர்கள். "இதையா தூக்கினு அலையற?" என்று சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் அந்தப் பாட்டிலை வாங்கி, வைத்துக்கொண்டு, கேள்வி கேட்ட ஆள் ஒரே ஒருவர்தான். அப்பா. சாயங்காலம் குளித்துவிட்டு வாசலில் உட்காரும்போது நான் பாட்டிலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். கண்ணருகில் கொண்டுவருவார், தள்ளிப் பிடிப்பார். பிறகு என்னிடமே கேட்பார்.

"இப்ப இன்னா பண்ணுது?"

"ரெண்டு ஒட்டிக்கினு போகுதுப்பா. மத்ததெல்லாம் மேல வருது."

"மல்லாக்கவேவா?"

"மல்லாக்கதான்."

"அப்படின்னா தூங்கும்போது எப்படித் தூங்கும்? குப்புறவா?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த மூன்று நாள் அது தூங்குகிறதா என்று காவல் காத்தேன். தூங்குவதாகத் தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்தேன். "பாவம், நம்மள மாதிரிதான்" என்றார் அப்பா. இரை என்ன, குட்டி போடுமா முட்டை இடுமா, செத்தால் நிறம் மாறுமா, இப்படி நாளுக்கொரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டு நான் சொல்வதை முகத்தைச் சற்றே சாய்த்துக் கேட்பார். உலகத்தில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்து ஆகஸ்ட் மாதம் வந்தபோது அறிவியல் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார்கள். அந்த வருஷங்களில் எங்கே பார்த்தாலும் மழைநீர் சேகரிப்புதான். என் வகுப்பில் மட்டும் பதினான்கு பேர் அட்டையில் வீடு கட்டி, குளிர்பானக் குழாயை ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டிலைக் கொண்டுபோய் அறிவியல் சாரின் மேஜையில் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"பூச்சி சார். உப்புல இருக்கிறது. மல்லாந்து நீந்தும்."

"எந்தப் பாடத்துல வருது?"

"எந்தப் பாடத்துலயும் வரல சார்."

"பேர் என்ன?"

அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பதே அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"பேரே தெரியாத ஒண்ண எப்படிம்மா கண்காட்சியில வைக்கிறது? பேரைக் கண்டுபிடிச்சிட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்றார் சார். என்னை அனுப்புவதற்காகச் சொன்னதுதான். நல்ல மனிதர், அவருக்கு அன்றைக்கு நாற்பது அட்டை வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் நான் அதை ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். பேரைக் கண்டுபிடித்துவிட்டு வா. சரி, கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுவேலை.

அன்று மாலையே உப்பளத்தில் விசாரித்தேன். உப்புப் பேன் என்றார் ஒரு அக்கா. தண்ணீர் கெட்டால் வருவது என்றார் ஒருவர், தண்ணீர் நன்றாக இருந்தால் வருவது என்றார் அவருக்கு அடுத்தவர். மேஸ்திரி மட்டும் நின்று யோசித்துப் பதில் சொன்னார். "பூச்சிதாம்மா அது. பூச்சிக்கு இன்னா பேரு? பூச்சிதான்." நூலகத்துக்குப் போனேன். நூலகர் எழுந்து நடந்து, தேடி, ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பறவைகளைப் பற்றியது. பூச்சியைத் தின்னும் பறவைகள் அதில் இருக்கின்றன, பூச்சியும் எங்காவது இருக்கும் என்று சொன்னார். முழுவதும் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

ஒரு வாரம் கழித்து, இனி யாரைக் கேட்பது என்று தெரியாமல் நான் அழாத குறையாக உட்கார்ந்திருந்தபோது அப்பாதான் சொன்னார்.

"போன வருஷம் ரெண்டு பேரு கொசுவலை மாதிரி பொடி வலை எடுத்தாந்து ரெண்டாம் பாத்தியில எதையோ அள்ளிட்டுப் போனாங்க பாப்பா. அனுமந்தைப் பக்கத்துல இறால் குஞ்சு பொரிக்கிற கம்பெனி ஒண்ணு இருக்குது இல்ல, அங்கிருந்து வந்தோம்னாங்க. எதை அள்ளுனாங்கன்னு நான் கேக்கல."

"இதைத்தாம்பா அள்ளியிருப்பாங்க! போலாம்பா."

"வேலைய வுட்டுட்டு எப்படிப் போறது?"

"போலாம்பா."

"ஒரு நாள் போலாம்."

"எந்த நாள்பா?"

நான்கு நாள் இதே கேள்வியைக் கேட்டேன். சாப்பிடும்போது கேட்டேன், அவர் செருப்பு மாட்டும்போது கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாரிமுடித்து வந்ததும் சைக்கிளை எடுத்தார்.

சைக்கிளை எடுத்தாரே தவிர, ரொம்ப தூரம் ஓட்டவில்லை. ஊர்த் தெருவில் என்னைப் பின்னால் உட்காரவைத்து மெதுவாக ஓட்டிவந்தவர், கிழக்குக் கடற்கரைச் சாலை வந்ததும் இறங்கிக்கொண்டார். "ரோட்டுல வண்டிங்க வேகமா வருது, தள்ளிக்கினே போலாம்" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. என்னைவிடச் சின்னப் பையன்கள் அந்த ரோட்டில் கையை விட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். பாட்டில் சூடாகிக்கொண்டிருந்தது. நான் அடிக்கடி மூடியைத் திறந்து காற்று விட்டேன், துண்டை நனைத்துச் சுற்றினேன். அவர் ஒரு கையால் சைக்கிளையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு நடந்தார். என்னைப் பத்திரமாகக் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் நடந்தோம்.

கம்பெனி சவுக்குத்தோப்புக்குள் இருந்தது. பெரிய மதில், இரும்புக் கேட், அதற்குப் பின்னால் மோட்டார் சத்தம். வாட்ச்மேன் எங்களை உள்ளே விடவில்லை. வெளியாள் போனால் இறால் குஞ்சுக்கு நோய் வந்துவிடுமாம்.

"உள்ள போகவேணாங்க. இது பேர் மட்டும் தெரியணும்" என்றேன்.

வாட்ச்மேன் பாட்டிலைப் பார்த்தார். "இன்னாது, தண்ணியா?"

"பூச்சி."

"பூச்சி பேரைத் தெரிஞ்சினு இன்னா பண்ணப் போற?"

"பேர் தெரிஞ்சாத்தான் சார் வைப்பாரு."

"எந்த சாரு? எங்க வைப்பாரு?"

விளக்கினேன். அவருக்குப் பாதி புரிந்தது. அப்பா, "வா பாப்பா, இன்னொரு நாள் வரலாம்" என்றார். இன்னொரு நாள் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கு எதிரே சவுக்கு நிழலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெயர் தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன். வாட்ச்மேன் நாற்காலியில், நான் தரையில், அப்பா நடுவில் சைக்கிளைப் பிடித்தபடி. மூவரும் ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். கடைசியில் வாட்ச்மேனே எழுந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வெளியே வந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட இளைஞர். சாப்பிடப் போகிறார் போலிருந்தது. நான் எழுந்து வண்டிக்கு முன்னால் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றேன். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் வண்டியை நிறுத்தி, பாட்டிலைப் பார்த்து, இன்ஜினை அணைத்தார்.

"ஆர்ட்டீமியா! எங்க புடிச்ச இதை?"

ஆர்ட்டீமியா. என் பூச்சிக்குப் பெயர் இருந்தது. அதுவும் ஓர் அத்தை பெயர் மாதிரி மரியாதையான பெயர்.

அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உள்ளே போய் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டும் ஒரு காலி டப்பாவும் கொண்டுவந்தார். பாட்டில் தண்ணீரை மெதுவாகத் தட்டில் ஊற்றச் சொன்னார். வெள்ளைத் தட்டில் என் பூச்சிகள் முன்னெப்போதும் இல்லாத அழகோடு தெரிந்தன. வெயிலில் சில செத்திருந்தன, மற்றவை நீந்தின. அவர் தரையில் குந்திக்கொண்டார். நானும் குந்திக்கொண்டேன். மல்லாந்து நீந்துவதைச் சொன்னேன். வெளிச்சத்துக்கு வருவதைச் சொன்னேன். ஒட்டிக்கொண்டு போவதைச் சொன்னேன்.

"இதெல்லாம் யார் சொன்னா உனக்கு?"

"நானே பாத்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரிய ஆளிடம் பேசுவதுபோல் பேசத் தொடங்கினார். ஒட்டிக்கொண்டு போவது ஆணும் பெண்ணும் என்றார். இதன் முட்டை காய்ந்து பழுப்புத் தூளாகக் கரையில் ஒதுங்கும், வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரே நாளில் குஞ்சு வரும் என்றார். டப்பாவைக் காட்டினார். அதன்மேல் என் பூச்சியின் படம், ஆங்கில எழுத்துகள். "இதுதான் எங்க இறால் குஞ்சுக்குச் சாப்பாடு. அமெரிக்காவுல ஒரு உப்பு ஏரியில எடுத்து, டப்பாவுல அடைச்சு, கப்பல்ல வருது."

என் மனதில் அப்போது எழுந்தது முழுச் சந்தோஷம் அல்ல. இவ்வளவு நாள் எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை, எங்கேயோ ஒரு நாட்டில் டப்பாவில் அடைத்துப் படம் ஒட்டி விற்கிறார்கள். அதுவும் இரையாக. யாருக்கும் தெரியவில்லையே என்று ஊரெல்லாம் சுற்றியவள், இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறதே என்று முகம் வாடி நின்றேன். ஆனாலும் எதிரே குந்தியிருந்தவர் தட்டை விட்டுக் கண்ணெடுக்காமல், "மூணு வருஷமா தினமும் இதோடதான் இருக்கேன். எங்க ரூம்ல யாருகிட்டயும் இதைப் பத்திப் பேச முடியாது. ஓடிடுவாங்க" என்று சொன்னபோது அந்த வாட்டம் போய்விட்டது.

பேச்சில் அப்பாவையும் சேர்த்துக்கொள்ள நினைத்து அவர் கேட்டார். "அண்ணே, நீங்க அளத்துலயே இருக்கீங்க. இந்த வருஷம் எப்படி, நல்லா இருக்குதா இது?"

அப்பா எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். காலி செய்து நான் தரையில் வைத்திருந்த பாட்டில் அவர் காலில் இடித்தது. குனிந்து அதை எடுத்தார். அடியில் இரண்டு விரல் தண்ணீர் மட்டும் மிச்சம். வழக்கம்போல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கண்ணருகில் கொண்டுபோய்ச் சொன்னார்:

"நல்லா இருக்குதுங்க. பாருங்களேன், இன்னிக்கு எப்படி விளையாடுதுன்னு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா இவ்வளவு நன்றாகத் தமாஷ் பண்ணுவார் என்று எனக்குத் தெரியாது. வாட்ச்மேனும் சிரித்தார். பூட்ஸ் போட்டவர் சிரிக்கவில்லை. எழுந்து அப்பாவின் முன்னால் போய் நின்றார். அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் தோளில் கைவைத்துச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். அவர்கள் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் தட்டில் இருந்த பூச்சிகளைப் பாட்டிலில் திரும்ப விடுவதில் மும்முரமாக இருந்தேன். திரும்பி வரும்போது கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"தள்ளிப் போடாதீங்கண்ணே. பாண்டியில போய்க் காட்டிடுங்க."

"காட்டலாம் தம்பி, காட்டலாம்" என்றார் அப்பா.

எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. என் பூச்சியைப் பாண்டிச்சேரியில் காட்டச் சொல்கிறார்! அங்கே பெரிய கல்லூரிகள் இருக்கின்றன, படித்தவர்கள் இருக்கிறார்கள். வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். "எப்பப்பா பாண்டிக்குப் போய்க் காட்டறது?" அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "உன் காலாண்டுப் பரீட்சை முடியட்டும் பாப்பா" என்றார். எதைக் காட்டுவது என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

கண்காட்சியில் என் பூச்சிக்கு இடம் கிடைத்தது. பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். சார் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். காலை முதல் மாலைவரை அந்த ஸ்டூலை விட்டு நான் நகரவில்லை. சாப்பிடக்கூடப் போகவில்லை. வருகிறவர்கள் கையைப் பிடித்து நிறுத்தினேன். சிறப்பு விருந்தினர் பாட்டிலைப் பார்த்து, "ஒண்ணும் தெரியலையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் மழைநீர் சேகரிப்புக்குப் பரிசு கொடுத்தார். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் நான்கு தடவை வந்தாள். நான்காவது தடவை, "இது தூங்குமா?" என்று கேட்டாள். எனக்குப் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

காலாண்டு விடுமுறையில் ஒரு காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். "பாண்டிக்குப் போறோம், கூட வா. பஸ்ல போர்டு பாத்துச் சொல்லணும்" என்றார். நான் பாட்டிலை எடுத்தேன். அம்மா, "அது எதுக்குடி அங்க?" என்றாள். அப்பா, "எடுத்துக்கட்டும், வுடு" என்றார்.

நாங்கள் போனது கல்லூரி இல்லை, ஒரு கண் ஆஸ்பத்திரி. முதலில் இங்கே ஏதோ வேலை, பிறகு காட்டப் போவோம் என்று நினைத்துக்கொண்டேன். வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்ததும் ஒரு நர்ஸ் அக்கா அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணைக் கறுப்பு மூடியால் மறைத்து, எதிர்ச் சுவரில் இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னாள். மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து. கீழே போகப் போகச் சின்ன எழுத்துகள்.

அப்பா முதல் எழுத்திலேயே நின்றுவிட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பா எதையாவது வாசித்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'ப' கூடத் தெரியாத ஆளா எங்கள் அப்பா? அத்தனை பேர் எதிரில் அவர் பரீட்சையில் தோற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று மெதுவாக, "ப" என்றேன்.

"ப" என்றார் அப்பா.

"அடுத்தது?"

"ட" என்றேன். "ட" என்றார். இப்படியே நான்கு எழுத்து தாண்டினோம். ஐந்தாவதில் உற்சாகத்தில் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். நர்ஸ் அக்கா திரும்பினாள்.

"ஏம்மா, டெஸ்ட் உங்கப்பாவுக்கா, உனக்கா? வெளிய போய் உக்காரு."

வெளியே பெஞ்சில் கண்ணில் கட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் பாட்டிலை நீட்டி, "இதைப் பாருங்களேன்" என்றேன். அவர் பச்சைத்துணி மறைத்த முகத்தை என் பக்கம் திருப்பினார். "எனக்கு நாளைக்குத்தான் கட்டு அவுக்கறாங்க கண்ணு. அதுவரைக்கும் அதை வெச்சிருக்கியா?" என்றார். எங்கே போனாலும் பார்க்கிற ஆள் கிடைக்காத என் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து அப்பா கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். தையில் நடக்கப்போகும் ஆபரேஷனுக்கான காகிதம் அது. உப்பின் வெளிச்சத்தில் இருபது வருஷம் வேலை செய்து இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வேலை போய்விடும் என்று பயந்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாத்திகளின் கரைகள் அவர் காலுக்கே தெரியும் என்பதால் மேஸ்திரியும் கண்டுபிடிக்கவில்லை. தையில் வலது கண் நன்றாகத் தேறியது. இடது கண் பாதிதான். அடுத்த கோடையில் அவர் இரண்டாம் பாத்தி ஓரத்தில் குந்தி வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "நீ சொன்ன மாதிரியேதான் இருக்குது பாப்பா" என்றார். ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

"நான் வெளிய போனதும் எப்படிப்பா சொன்ன?"

"எங்க சொல்றது? எழுத்து ஒண்ணும் தெரியல பாப்பா" என்று சிரித்தார்.

"டாக்டர்கிட்டயாவது பூச்சியக் காட்டினியா?"

"கூட்டமா இருந்துது. இன்னொரு நாள் காட்டலாம்."

பஸ்ஸில் கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். அப்பாவுக்கு எழுத்து தெரியவில்லை. அதனால் என்ன, சொல்லிக்கொடுத்தால் போயிற்று. ஒரு பூச்சிக்கே பெயர் கண்டுபிடித்தவள் நான்.

அன்று சாயங்காலமே அடுப்புக்கரியை எடுத்து எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில் எழுத ஆரம்பித்தேன். அம்மா ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அவருக்கா எழுத்து தெரியாது? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு லெட்டர் லெட்டரா எழுதித் தள்ளின ஆளுடி அவரு" என்றவள், மேலே சொல்ல முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பொய் சொல்லி அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்றும் நினைத்தேன். இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

முதல் நாள் விரல் நீளத்துக்கு எழுதினேன். அப்பா சுவருக்கு முன்னால் சின்னப் பையன்போல் கைகட்டி நின்று பார்த்தார், ஒன்றும் வரவில்லை. மறுநாள் உள்ளங்கை அளவு. வரவில்லை. "இன்னும் பெருசா எழுது பாப்பா. பெருசா எழுதினாத்தான் எனக்கு மண்டையில ஏறும்" என்றார். ஒரு முழ நீளத்துக்கு எழுதியபோது தட்டுத் தடுமாறி இரண்டு எழுத்தைச் சொன்னார். நான் விடவில்லை. நாற்காலி போட்டு ஏறி, சுவர் முழுக்க வரும்படி மூன்றே எழுத்து எழுதினேன். அப்பா முற்றத்தின் நடுவில் நின்று அவற்றை ஒவ்வொன்றாக, ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தார்.

நான் நாற்காலியிலிருந்து குதித்துத் தெருவுக்கு ஓடினேன். எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, எங்கள் அப்பா ஒன்பதே நாளில் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று சொன்னேன்.